லாபத்தில் பங்கு உண்டு, பாவத்தில்?

எங்கள் கோயிலில் ஞாயிறு காலை சமய வகுப்பு நடக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் பொறுப்பு. ஒரு வாரம் வால்மீகி கதை. உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காட்டு வழியில் போகிறவர்களை மடக்கிக் கொள்ளையடிக்கும் ரத்னாகரன், ஒருநாள் நாரதரையும் மடக்குகிறான். "யாருக்காக இதைச் செய்கிறாய்?" என்கிறார் அவர். "என் குடும்பத்துக்காக." "அப்படியானால் உன் பாவத்திலும் அவர்கள் பங்கு வாங்கிக்கொள்வார்களா? போய்க் கேட்டு வா." போய்க் கேட்கிறான். அப்பா, அம்மா, மனைவி எல்லாருக்கும் ஒரே பதில்: "எங்களைக் காப்பாற்றுவது உன் கடமை. எப்படிச் சம்பாதிக்கிறாய் என்பது உன் பாடு." அங்கே அவன் மனம் உடைகிறது. தவத்தில் உட்காருகிறான், புற்று வளர்கிறது, வால்மீகி பிறக்கிறார்.

வழக்கமாகப் பிள்ளைகள் புற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். எறும்பு கடிக்காதா, தண்ணி தாகம் எடுக்காதா என்பார்கள். அன்றைக்கு ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"அண்ணா, அவங்க சாப்பிட்டது திருட்டுச் சாப்பாடுதானே? 'உன் பாடு'ன்னு சொல்லிட்டா அவங்களுக்குப் பாவம் இல்லைன்னு ஆயிடுமா?"

"நல்ல கேள்வி, அடுத்த வாரம் பேசலாம்" என்று தப்பித்துக்கொண்டேன். அடுத்த வாரமும் பேசவில்லை. பதில் தெரியாததால் மட்டும் இல்லை. அந்தக் கேள்வி எனக்கே கேட்ட கேள்வி மாதிரி இருந்தது.

எட்டு மணி பாட்டில்

நான் இரசாயனப் பொறியியல் மாணவன். மூன்றாம் ஆண்டு முடிந்து தொழில்துறைப் பயிற்சிக்கு ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். பெயர் வேண்டாம். நல்ல இடம், நல்ல மனிதர்கள். எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, ஆற்றுக்குப் போகும் கழிவுநீரில் தினமும் ஒரு பாட்டில் மாதிரி எடுத்து, அதன் பிஎச் அளவையும் சிஓடி அளவையும் புத்தகத்தில் எழுதுவது. தண்ணீரில் இருக்கும் அழுக்கை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் சிஓடி. எண் கூடினால் அழுக்கு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு வரை இருக்கலாம் என்று 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள் சொல்கின்றன.

முதல் நாளே அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். "தம்பி, காலையில எட்டு மணிக்கே எடுத்துடு. பத்து மணிக்கு மேல டேங்க் கழுவ ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் எடுத்தா நம்பர் அழகா வராது."

தினமும் எட்டு மணிக்கு எடுத்தேன். நம்பர் அழகாக வந்தது. கையெழுத்துப் போட்டேன். மாதக் கடைசியில் அந்த எண்கள் ஓர் அட்டவணைக்குப் போயின. அட்டவணை தலைமையகத்துக்குப் போனது. அங்கிருந்து, பச்சை இலை படம் போட்ட நிலைத்தன்மை அறிக்கைக்குப் போயிருக்க வேண்டும். முந்தைய வருட அறிக்கையை அலுவலக மேசையில் பார்த்தேன். கழிவுநீர் விதிகளுக்கு 100% இணக்கம் என்று இருந்தது.

இதில் யார் பொய் சொன்னது? நான் எழுதிய ஒவ்வோர் எண்ணும் உண்மை. கருவி சரியாகத்தான் இருந்தது. அட்டவணை போட்டவர் நான் கொடுத்ததைத்தான் போட்டார். அறிக்கை எழுதியவர் அட்டவணையைத்தான் பார்த்தார். இயக்குநர்கள் அறிக்கையைத்தான் படித்தார்கள். எல்லாரும் உண்மையே பேசி, கடைசியில் ஒரு பொய் அச்சாகி வெளிவந்தது. பத்தரை மணிக்கு ஆற்றில் என்ன போகிறது என்று யாருடைய புத்தகத்திலும் இல்லை.

குடும்பம் சொன்னது சட்டமானது

விடுதிக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. ரத்னாகரனின் குடும்பம் சொன்ன பதிலைத்தான் நவீன உலகம் சட்டமாக எழுதி வைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1855-ல் 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு' என்ற சட்டம் வந்தது. ஒரு நிறுவனத்தில் நீங்கள் 1,000 வெள்ளி போட்டால், அது எவ்வளவு கடன்பட்டாலும், யாருக்கு என்ன நஷ்டம் வைத்தாலும், உங்களுக்குப் போகக்கூடியது அந்த 1,000 வெள்ளி மட்டும்தான். 1896-ல் சாலமன் என்ற காலணி வியாபாரியின் வழக்கில், நிறுவனம் என்பது அதன் உரிமையாளரிலிருந்து வேறான தனி 'ஆள்' என்று லண்டன் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் நாட்டு நிறுவனச் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். நிறுவனங்களின் பெயருக்குப் பின்னால் 'பெர்ஹாட்' என்று பார்க்கிறோமே, அதன் பொருளே அதுதான். ஓர் எல்லைக்கு உட்பட்ட பொறுப்பு. லாபத்துக்கு மட்டும் எல்லை கிடையாது.

இதைக் கேட்டவுடன் கோபப்படுவது சுலபம். ஆனால் இந்தச் சட்டம் இல்லாமல் ஒரு ரயில் பாதையோ, மருந்துத் தொழிற்சாலையோ, சூரிய மின் நிலையமோ வந்திருக்குமா? ஒரு நிறுவனம் மூழ்கினால் வீட்டையும் தாலியையும் விற்றுக் கட்ட வேண்டும் என்றால் சாதாரண மக்கள் யாரும் பணம் போட மாட்டார்கள். நாளைக்கு எனக்குக் கிடைக்கப்போகும் வேலையும் இந்தச் சட்டத்தின் பிள்ளைதான். நஷ்டத்துக்கு எல்லை போடுவது நியாயம். என் கேள்வி, பொறுப்புக்கும் அதே எல்லையா என்பதுதான்.

எல்லைக்கு வெளியே இருந்தவர்கள்

பேராக்கில் ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா என்ற ஊர் இருக்கிறது. 1982-ல் அங்கே ஏஷியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை வந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு அதில் 35% பங்கு. ஈய மணலில் மிஞ்சும் மோனசைட் கனிமத்திலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுத்தார்கள். அப்படிப் பிரிக்கும்போது தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கழிவாக மிஞ்சும். அது பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

1985-ல் எட்டுப் பேர், தங்களுக்காகவும் ஊருக்காகவும் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992 ஜூலையில் வென்றார்கள். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டப்படி ஊர் தோற்றது, நிறுவனம் ஜெயித்தது. ஆனால் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், தொழிற்சாலையை மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. பின்னர் அந்த இடத்தைச் சுத்தம் செய்து கழிவைப் புதைக்கும் பணி பல ஆண்டுகள் நடந்தது. செலவு சுமார் 100 மில்லியன் அமெரிக்க டாலர் என்று செய்திகள் வந்தன. நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகும் ஏன் மூடினார்கள், ஏன் செலவழித்தார்கள்? ஊர் விடவில்லை, உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வழக்கில் தோற்றவர்கள் இல்லையென்றால் எதுவும் நடந்திருக்காது.

இன்னொன்று நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 2,700-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அவர்களில் நிறைய பேர் பள்ளிப் பிள்ளைகள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கழிவை முறையாக அகற்றப் பணம் செலவாகும், ஆற்றில் கொட்ட ஆகாது. கணக்கு அவ்வளவுதான். மிச்சமான பணம் ஒருவருடைய கணக்கில், மூச்சுத்திணறல் இன்னொருவருடைய பிள்ளைக்கு.

இப்போது சட்டமும் கொஞ்சம் விழித்திருக்கிறது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024-ல் திருத்தப்பட்டு, அதிகபட்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. சிங்கப்பூர் 2014-லேயே எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டில் காட்டை எரித்து சிங்கப்பூரில் புகை பரவக் காரணமான நிறுவனத்துக்கு, ஒரு நாளைக்கு 100,000 சிங்கப்பூர் வெள்ளி என்று, மொத்தம் 2 மில்லியன் வரை அபராதம் போடலாம். 2015-ல் புகைமூட்டத்தால் பள்ளி மூடியபோது நான் ஆரம்பப்பள்ளியில் இருந்தேன். லீவு கிடைத்தது என்று குதித்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் புகைக்கு ஒரு முதலாளி இருப்பான், அவனுக்குப் பங்குதாரர்கள் இருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாவத்தை எப்படிப் பங்கு போடுவது?

பணத்தைப் பங்கு போடலாம். பத்துப் பேர் பத்து வெள்ளியைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு வெள்ளி. பாவம் அப்படி இல்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒருவரை அடித்தால், ஒவ்வொருவரும் பத்தில் ஒரு பங்குதான் அடித்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். செய்தவரோடு செய்யச் சொன்னவருக்கும், பார்த்துத் தலையாட்டியவருக்கும் பங்கு உண்டு என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு என்று சொன்னாலும் நியாயமாகத் தெரியவில்லை. மூடச் சொல்ல முடிந்த இயக்குநரும், தோட்டத்தில் ஓய்வூதியத்துக்காகப் பங்கு வாங்கிய பாட்டியும் ஒன்றா?

நான் யோசித்தவரை மூன்று கேள்விகள் உதவுகின்றன. யாருக்குத் தெரியும்? யாரால் தடுக்க முடியும்? யார் சாப்பிட்டார்கள்? மூன்றுக்கும் 'நான்' என்று பதில் வந்தால் முழுப் பொறுப்பு. ஒன்றுக்கு மட்டும் வந்தாலும் பொறுப்பு பூஜ்யம் ஆகிவிடாது.

இயக்குநர்களுக்குத் தெரியும், தடுக்கவும் முடியும். நம் மரபில் இவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, தர்மகர்த்தா. கோயில் சொத்து சுவாமியுடையது. இந்திய நீதிமன்றங்கள் தெய்வத்தையே சட்டப்படி ஓர் 'ஆள்' என்று ஏற்றிருக்கின்றன. சுவாமி தானே போய்க் கையெழுத்துப் போட முடியாது, அதனால் தர்மகர்த்தா அவர் சார்பில் நிர்வகிக்கிறார். நிறுவனமும் அதே மாதிரி உடம்பில்லாத ஓர் ஆள்தான், இயக்குநர்கள் அதன் சார்பில் நடக்கிறார்கள். ஆனால் 'சிவன் சொத்து குல நாசம்' என்ற பயம் கோயிலில் இருக்கிறது, இயக்குநர் வாரியத்தில் அது இல்லை. காந்தி தம் சுயசரிதையில் இதற்கு அருகில் வரும் ஒன்றைச் சொல்கிறார். இங்கிலாந்தில் படித்த சட்டத்தில் வந்த 'டிரஸ்டி' என்ற சொல்தான், உடைமை பாராட்டாமை என்று கீதை சொல்வதை அவருக்கு விளங்க வைத்ததாம். கையில் கோடி இருக்கலாம், அதில் ஒரு காசும் தன்னுடையது இல்லை என்று நினைப்பவரே டிரஸ்டி. ஆற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் நிறுவன நிர்வாகத்துக்கு வேறு பாடப்புத்தகம் வேண்டாம்.

சாப்பிட்டது யார்?

மூன்றாவது கேள்விதான் வீட்டுக்குள் வருகிறது. என் அப்பா லோரி ஓட்டுகிறார். மாதாமாதம் சம்பளத்தில் 11% ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. முதலாளி தன் பங்கைப் போடுகிறார். 2024-க்கு இபிஎஃப் 6.30% லாப ஈவு அறிவித்தபோது அப்பா போனிலேயே கத்தினார், "ஆறு புள்ளி மூணுடா!" அந்தப் பணத்திலிருந்து எடுத்துத்தான் என் முதல் வருடக் கட்டணத்தைக் கட்டினார்.

இபிஎஃப் கையில் ஒரு டிரில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் இருக்கிறது. நாட்டின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அதற்குப் பங்கு உண்டு. வங்கி, செம்பனை, மின்சாரம், எண்ணெய் எல்லாம் உண்டு. நான் பயிற்சி செய்த தொழிற்சாலையின் தாய் நிறுவனமும் பங்குச் சந்தையில் இருப்பதுதான். எங்கோ ஒரு மூலையில் அப்பாவின் பத்துக் காசு அங்கேயும் போயிருக்கலாம். ஆக, மாதிரி பாட்டிலில் கையெழுத்துப் போட்டவனும் நான், அந்தக் கழுவாத கணக்கிலிருந்து படித்தவனும் நான்.

பிறகு ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன். "இபிஎஃப் இன்னும் கண்டிப்பா இருந்து, அதனால லாப ஈவு அரை விழுக்காடு குறைஞ்சா உங்களுக்குப் பரவாயில்லையாப்பா?"

"என் கணக்குல இப்ப ஒரு லட்சத்து இருபதாயிரம் இருக்கு. அரை விழுக்காடுன்னா அறுநூறு வெள்ளி. யாரு கொடுப்பா?" என்றார்.

நியாயமான கேள்வி. பத்து மில்லியன் வைத்திருப்பவர் பேசும் தர்மமும் லோரி ஓட்டுபவர் பேசும் தர்மமும் ஒரே விலை இல்லை. நான் பேசாமல் இருந்தேன். டேங்க் கழுவும் கதையை முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், "ஆமா, அந்த ஆத்துத் தண்ணி எங்கடா போகுது?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டரை மாதம் அதில் பாட்டில் முக்கியவன் நான். அது எந்த ஊர் வழியாகப் போகிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

விற்றுவிட்டால் போதுமா?

சில நண்பர்கள் சொல்வார்கள், கெட்ட நிறுவனத்தின் பங்கை இபிஎஃப் விற்றுவிட வேண்டியதுதானே என்று. விற்றால் நம் கை சுத்தம். ஆனால் விற்ற பங்கை இன்னொருவர் வாங்குவார். அவர் கேள்வியே கேட்காதவராக இருக்கலாம். ஆறு அப்படியேதான் இருக்கும். பங்கு கையில் இருக்கும்வரை ஆண்டுக் கூட்டத்தில் ஒரு நாற்காலியும் ஒரு வாக்கும் இருக்கிறது. கேட்டுப் பார்த்து, மாறவே மாறாது என்று தெரிந்த பிறகு வெளியேறுவது வேறு. கேட்காமலே வெளியேறுவது, ரத்னாகரனின் குடும்பம் சாப்பாட்டை மட்டும் வேறு வீட்டுக்கு மாற்றிக்கொண்ட மாதிரி.

பணத்துக்கு வழி காட்ட முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2017-ல் உலகத்தின் முதல் பசுமை சுக்கூக் இங்கேதான் வெளியானது. சபா, குடாட்டில் சூரிய மின் நிலையம் கட்ட 250 மில்லியன் ரிங்கிட் திரட்டினார்கள். வட்டியைப் பற்றி ஒரு சமயம் சொன்னதை எடுத்து, அதையே ஒரு நிதிக் கருவியாகச் செய்து, சூரிய வெளிச்சம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு, கொஞ்சம் பொறாமையும் உண்டு. பொருளை அறவழியில் ஈட்டு என்று நம் நூல்கள் சொல்லாத இடமே இல்லை. நாம் அதை உண்டியலோடு நிறுத்திக்கொண்டோம்.

இபிஎஃப் தன் முதலீடு முழுவதையும் 2030-க்குள் இஎஸ்ஜி அளவுகோலுக்குள் கொண்டுவருவதாகவும், 2050-க்குள் கரிமச் சமநிலை அடைவதாகவும் சொல்லியிருக்கிறது. சுற்றுச்சூழல், சமுதாயம், நிர்வாகம் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த இஎஸ்ஜி. நாட்டின் புதிய நிலைத்தன்மை அறிக்கை விதிமுறை 2024 செப்டம்பரில் வெளியானது. பெரிய நிறுவனங்கள் 2025 முதல் அனைத்துலகத் தரத்தில் பருவநிலை விவரங்களை வெளியிட வேண்டும். நல்லது, வேண்டியதுதான். ஆனால் எந்த அறிக்கையும் ஒரு பாட்டிலில்தான் தொடங்குகிறது. அந்தப் பாட்டிலை எத்தனை மணிக்கு முக்கினார்கள் என்று கேட்கும் ஆள் இல்லாவிட்டால், அனைத்துலகத் தரத்திலேயே பொய் சொல்லலாம்.

நம் கூட்டத்தில் தொடங்குவோம்

கேள்வி கேட்கும் பழக்கம் திடீரென்று வராது. நம் கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கறிக்கை அன்று காலையில்தான் கையில் வரும். பொருளாளர் வேகமாகப் படிப்பார். "கேள்வி உண்டா?" என்று தலைவர் கேட்கும்போதே பின்னால் மீ ஹூன் வாசனை வந்துவிடும். யாராவது எழுந்து கேட்டால், "பையன் ரொம்பப் பேசுறான், யார் வீட்டுப் புள்ள?" அவ்வளவுதான், அடுத்த வருடம் அவன் வர மாட்டான். இங்கே வாயை மூடப் பழகியவர்கள் நாளைக்கு நிறுவனத்தில் இன்ஜினியராகவோ கணக்காய்வாளராகவோ உட்கார்ந்து எப்படிக் கேட்பார்கள்?

அதனால் நம் இயக்கக் கிளைகளுக்கு என் வேண்டுகோள் சிறியது. நம் கூட்டங்களில் கணக்கை ஒரு வாரம் முன்னதாகக் கொடுப்போம். கேள்வி கேட்பவனுக்குக் கை தட்டுவோம். நம் சேமிப்பு எந்த வங்கியில் இருக்கிறது, அந்த வங்கி எதற்குக் கடன் கொடுக்கிறது என்று ஒருமுறை விசாரிப்போம். இபிஎஃப் வாக்களிப்பு வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. சந்தாதாரர்கள் அதைப் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதலாம். ஒரு கடிதத்தால் ஆறு சுத்தமாகாது என்று எனக்கும் தெரியும். புக்கிட் மேராவிலும் முதலில் இருந்தது எட்டுப் பேர்தான்.

என் பங்குக்கு, பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். மாதிரிகள் எல்லாம் காலை எட்டு மணிக்கு எடுக்கப்பட்டவை, டேங்க் கழுவும் நேரத்து மாதிரி இதில் இல்லை என்று. டெக்னீஷியன் அண்ணனுக்கு இதனால் தொந்தரவு வருமோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அவரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுடா. நான் எழுத முடியாது, நீ எழுது" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுக்குப் பதில் சொல்லப் போகிறேன். திருட்டுப் பணம் என்று தெரியாமல் சாப்பிட்ட வரைக்கும் அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டான் இல்லையா, அப்போது அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நிமிடம் அவர்கள் வேறு ஒன்றைச் சொல்லியிருக்கலாம். "வேண்டாம்பா, விட்டுடு. கஞ்சி குடிச்சாலும் பரவாயில்லை" என்று. அதைச் சொல்லாமல் "உன் பாடு" என்றார்களே, அங்கேதான் அவர்கள் பங்கு வாங்கிக்கொண்டார்கள்.